இடது கால் வழுக்கணும், வலது கால் பிடிக்கணும்: மூன்று பவுலிங் ஷூ ரிவ்யூ

நான் சொல்வது கிரிக்கெட் பவுலிங் இல்லை, விரல் ஓட்டை போட்ட கனமான பந்தை உருட்டி, எதிரே பாட்டில் மாதிரி நிற்கும் பத்து பின்களைச் சாய்க்கிற ஆட்டம். அந்த பவுலிங் ஆடுகிறவர்களிடம் போய் "பந்தைச் சரியான நேரத்தில் விட வரமாட்டேங்குது" என்று சொல்லிப் பாருங்கள், எல்லாரும் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். மணிக்கட்டை நேரா வை, கட்டை விரலை முதல்ல எடு, கடைசியில விரலால தூக்கு, கை முகத்துக்கு நேரா வந்து முடியட்டும். சொல்வது எல்லாம் சரிதான். ஆனால் என் ரிலீஸ் டைமிங்கை மாற்றியது இந்த அறிவுரைகளில் எதுவுமே இல்லை, காலில் போட்ட ஷூதான். அதனால் இது ஷூ ரிவ்யூ. பவுலிங் சென்டரில் கொடுக்கும் வாடகை ஷூ, ஆன்லைனில் வரவழைத்த சோல் மாற்றும் ஷூ, அப்புறம் ஆம்பூரில் ஒரு பாயிடம் கொடுத்துத் தோல் ஒட்டி வாங்கிய சாதாரண கேன்வாஸ் ஷூ என்று மூன்றையும் பற்றி எழுதுகிறேன். பிராண்ட் பெயரோ சென்டர் பெயரோ போடப் போவதில்லை. போட்டால் பாதிப் பேர் விளம்பரம் என்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

எனக்கு ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. எந்த ஷூவைக் கையில் கொடுத்தாலும் முதலில் குப்புறப் போட்டு சோலைத்தான் பார்ப்பேன், வீட்டில் விசேஷத்துக்கு வந்தவர்கள் வாசலில் கழற்றி விட்ட செருப்பைக்கூட விடமாட்டேன் என்று மனைவி திட்டுவாள். வீடு காட்பாடி. ஆடப் போவது சென்னைக்கோ பெங்களூருக்கோ. சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர், பெங்களூரு 200-க்கு மேல், இருந்தும் நான் அதிகம் போவது பெங்களூருதான், ஏனென்றால் மச்சான் அங்கே இருக்கிறான், ரயிலும் காட்பாடியில் நின்று போகிறது. "மாலில் சின்னப் பசங்க உருட்டுறதுக்கா இவ்வளவு தூரம்" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 1978-இல் பாங்காக் ஆசிய விளையாட்டிலேயே பதக்கம் கொடுத்த ஆட்டம் இது. நம்ம தமிழ்நாட்டிலிருந்தே ஷபீர் தன்கோட் தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறார். சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஷூவுக்கும் பந்தை விடும் நேரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புரியாமல் இந்த ரிவ்யூவைப் படித்தால் பிரயோஜனம் இல்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பந்தை விடும்போது கால் தாண்டக் கூடாத கோட்டுக்குப் பெயர் ஃபவுல் லைன். அதிலிருந்து முதல் பின் வரைக்கும் 60 அடி. ஃபவுல் லைனுக்கு முன்னால் நாம் நடந்து வர குறைந்தது 15 அடி இடம் இருக்கும், அதற்குப் பெயர் அப்ரோச். பெரும்பாலானவர்கள் முதலில் கற்றுக்கொள்வது நான்கு அடி நடை. வலது கைக்காரர் வலது காலை எடுத்து வைக்கும்போதே பந்தை முன்னால் நீட்ட வேண்டும். இரண்டாவது அடி இடது, அப்போது பந்து கீழே இறங்கிக் காலை ஒட்டிக் கடக்கும். மூன்றாவது வலது, பந்து பின்னால் உச்சிக்குப் போய்விட்டிருக்கும். நான்காவதை அடி என்றே சொல்லக் கூடாது, அது வழுக்கல். இடது கால் லைனை நோக்கி வழுக்கிக்கொண்டே போய் நிற்கிற நேரமும், பின்னாலிருந்து இறங்கி வரும் பந்து அந்தக் கணுக்காலைத் தாண்டுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும், கால் ஒரு இம்மி முன்னால் வந்தால் இன்னும் நல்லது. அந்த இடத்தில் கட்டை விரல் முதலில் வெளியே வரும், நடு விரலும் மோதிர விரலும் அடுத்து வரும், பந்து லைனைத் தாண்டி மெல்ல இறங்கும். தொப்பென்று விழுந்தாலும் தப்பு, பறந்து போய் இடி மாதிரி விழுந்தாலும் தப்பு.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. பந்தைப் பிடித்துத் தொங்கவிட்ட கை ஒரு ஊசல். பத்தாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பில் நூலில் குண்டு கட்டி ஆட்டி, ஸ்டாப் வாட்ச் வைத்து எண்ணினோமே, அதேதான். ஊசல் ஒரு தடவை போய்த் திரும்பும் நேரம் குண்டின் எடையைப் பொறுத்ததே இல்லை, நீளத்தைப் பொறுத்தது. தோளிலிருந்து பந்தின் நடு வரைக்கும் முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் போய்த் திரும்ப 1.7 விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். 10 பவுண்டு பந்தும் அதே நேரம்தான், ஆட்டத்தில் அனுமதிக்கிற அதிகபட்ச எடையான 16 பவுண்டும் அதே நேரம்தான். உங்கள் கையின் நீளம் நாளைக்கு மாறப் போவதில்லை, அதனால் உங்கள் ஊசலின் நேரமும் மாறாது. அவசரப்படுத்த வேண்டும் என்றால் தசையைப் போட்டு இழுக்க வேண்டும், அப்படி இழுத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி போகும். ஆக, கையை அதன் போக்கில் விட்டுவிட்டால் மாற்றிக்கொள்ளக் கூடியது கால் மட்டும்தான். அந்தக் காலின் கடைசி அடி எவ்வளவு தூரம் போகும், எப்போது நிற்கும் என்பதை முடிவு செய்வது இடது சோலின் அடியில் இருக்கிற உள்ளங்கை அகலத் தோல்.

சோல் பிடித்துக்கொண்டால் கால் முன்கூட்டியே நின்றுவிடும், பந்து இன்னும் இடுப்புக்குப் பின்னால் இருக்கும், உடம்பு முன்னால் சாயும், கை பதறிப்போய் பந்தை இழுத்துக்கொண்டு வந்து இடது பக்கம் தள்ளும். இதைத்தான் லேட் என்பார்கள். சோல் அதிகமாக வழுக்கினால் கால் நிற்பதற்கு முன்பே பந்து வந்துவிடும், ஊன்றிக்கொள்ள ஒன்றும் இருக்காது, பந்தில் சுழற்சியும் இருக்காது, வேகமும் இருக்காது. போதாக்குறைக்குக் கால் லைனைத் தாண்டினால் பஸ்ஸர் அடிக்கும், அந்த வீச்சில் எத்தனை பின் விழுந்தாலும் பூஜ்யம்தான்.

இப்போது வாடகை ஷூ.

சைஸ் சொன்னதும் கவுண்டரில் எடுத்துக் கொடுப்பார்கள், உள்ளே ஸ்ப்ரே அடித்த ஈரம் காயாமல் இருக்கும், சாக்ஸ் போட்டிருந்தாலும் அது தெரியும். அது போகட்டும், ஆயிரம் பேர் போடுகிற ஷூ. என் புகார் சோலைப் பற்றியது. வாடகை ஷூவில் இரண்டு காலிலும் வழுக்குகிற சோல் வைத்திருப்பார்கள், இடது கைக்காரர், வலது கைக்காரர் யார் வந்தாலும் ஒரே ஜோடியைக் கொடுத்துவிடலாம் என்பதற்காக. கடைக்காரருக்கு அது வசதி, ஆடுகிறவருக்கு உபத்திரவம். ஏனென்றால் மூன்றாவது அடியில் வலது கால்தான் உடம்பை முன்னால் தள்ளுகிறது. அந்தக் காலும் பின்னால் வழுக்கினால் தள்ளுவதற்குப் பலம் இல்லை, நாம் அறியாமலே கடைசி அடியைக் குட்டையாக வைத்து அவசரமாக முடித்துவிடுவோம், பந்து பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருக்கும்.

ஒரு ஜோடியைத் திருப்பிப் பார்த்தேன். இடது சோலில் பெருவிரலுக்குக் கீழே உள்ள பகுதி கண்ணாடி மாதிரி பளபளத்துக் கறுத்துப் போயிருந்தது, வழுக்கலுக்காகப் போடும் சூயிட் தோலின் மெல்லிய முடி முழுக்கப் படுத்துவிட்டது, அதன் மேல் தூசியும் பிசுக்கும் ஏறி ஒரு படலமே கட்டியிருந்தது. விரல் நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. வலது சோல் புதுசு, யாரோ மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஹீல் இரண்டும் ஒரு ஓரமாகத் தேய்ந்து சாய்வு. எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு ஜோடி கன்வேயரில் வந்தால் அதை அனுப்பினவனைத் தேடிப் போய்விடுவோம். ஆனால் இதைவிடப் பெரிய பிரச்சினை, அடுத்த முறை அதே சைஸ் கேட்டால் வேறு ஜோடி வரும், அது வேறு மாதிரி வழுக்கும். கால் ஒரு வழுக்கலுக்குப் பழகினால்தானே டைமிங் அமையும்? ஒவ்வொரு தடவையும் தரையே மாறினால் கால் பயந்து பயந்துதான் போகும், பயந்த கால் சீக்கிரம் நிற்கும்.

சென்னையில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்கிறது, காற்றின் ஈரம். மழைக்கால மாலையில் அப்ரோச்சே ஒட்டுகிற மாதிரி இருக்கும். ஈரத்தைப் பற்றிப் பேசும்போது முக்கியமான ஒன்று, எந்த பவுலிங் ஷூவையும் போட்டுக்கொண்டு பாத்ரூம் போகாதீர்கள். சூயிட் சோலில் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வழுக்கல் போய்விடும், நீங்கள் முழு வேகத்தில் வருவீர்கள், கால் மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்கும், மிச்ச உடம்பு நிற்காது. முட்டி போகும். பக்கத்து லேனில் பிறந்தநாள் பார்ட்டி நடந்தால் தரையில் கூல்டிரிங்க்ஸ் சிந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடங்கள், நான் கர்ச்சீப்பால் தரையைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் பந்தை எடுப்பேன், மச்சானுக்கு மானம் போகும்.

வாடகை ஷூவுக்கு என் தீர்ப்பு இதுதான்: வருடத்துக்கு ஒரு தடவை ஆபீஸ் பார்ட்டிக்குப் போகிறவர்களுக்குப் போதும். ரிலீஸைச் சரி செய்ய வேண்டும் என்று நினைக்கிறவர் இதில் நின்றுகொண்டு கையைத் திருத்துவது வீண் வேலை.

அடுத்தது ஆன்லைன் ஷூ. மச்சான் சொன்னது வேறு. "மாமா, முதல்ல சொந்தமா பந்து வாங்குங்க, உங்க கைக்கு ஓட்டை போட்டுத் தருவாங்க, அப்புறம் பாருங்க" என்றான். அவனிடம் பந்து இருக்கிறது, ரயிலில் அதைப் பையோடு தூக்கிக்கொண்டு வந்தால் பக்கத்து சீட்டுக்காரர் "என்ன தம்பி, பூசணிக்காயா?" என்று கேட்பார். எனக்கு ஷூதான் முதலில் என்று பட்டது, வாங்கினேன். விலை ஐந்து இலக்கத்தைத் தொட்டுவிட்டது, வீட்டில் சொன்ன விலை வேறு.

இந்த வகை ஷூவில் வலது காலும் இடது காலும் ஒன்று இல்லை. வலது காலில் முழு ரப்பர் சோல், பிடிமானத்துக்கு, பின்னால் இழுபடும் விரல் நுனியில் மட்டும் ஒரு துண்டுத் தோல். இடது காலில் அடிச்சோல் வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும், பர்ரென்று உரித்து வேறு ஒன்றைப் பொருத்தலாம். ஹீலும் அப்படியே தனியாக மாற்றலாம். சோல்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள், எண் ஏற ஏற வழுக்கல் கூடும். நடுவில் இருக்கிற எண்ணில் ஆரம்பிப்பதுதான் நல்லது. நல்ல காய்ந்த நாளில் ஏசி குளிராக ஓடுகிற சென்டரில் ஒரு எண் கீழே, பிசுபிசுப்பான நாளில் ஒரு எண் மேலே. இதெல்லாம் கேட்கும்போது பகட்டாகத் தெரியும், லைனுக்கு முன்னால் கால் வந்து நிற்கும் இடம் இரண்டு சென்டரிலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்த பிறகு பகட்டாகத் தெரியவில்லை.

நிறையப் பேர் ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், அது ஹீல். சோல் வழுக்க வைக்கும், ஹீல்தான் நிறுத்தும். வழுக்கலின் கடைசியில் ஹீல் தரையைத் தொடும்போது கால் ஊன்றுகிறது, அந்த ஊன்றலை வைத்துத்தான் கை பந்தை விடுகிறது. பெட்டியோடு வந்த ஹீல் எனக்குப் பிரேக் போட்ட மாதிரி நின்றது, இன்னொன்றை மாற்றின பிறகுதான் நிற்பது இதமாக ஆனது. நடையில் ஹீலை முதலில் ஊன்றுகிறவர்கள் ஹீலை மாற்றிப் பார்க்காமல் சோலை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும்.

தொழில் கண்ணோடு பார்த்தால், தையல் ஒரே சீராக இருக்கிறது, மேல்பகுதி செயற்கைத் தோல், அந்த விலைக்கு அசல் தோல் கொடுத்திருக்கலாம். விரல் பக்கம் சோல் ஒட்டின இடத்தில் ஒரு நூல் அளவு இடைவெளி, நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன். லாஸ்ட், அதாவது ஷூவுக்கு வடிவம் கொடுக்கிற கால் அச்சு, ஒடுக்கம். நம்ம ஊர்க் கால் முன்னால் அகலம், சின்ன வயதில் செருப்பில்லாமல் திரிந்த கால், அதனால் வழக்கமான சைஸைவிட அரை சைஸ் பெரிதாக எடுங்கள். மாற்று சோல் இங்கே கடையில் போய் வாங்கும் பொருள் இல்லை, தேய்ந்தால் மறுபடி வரவழைக்க வேண்டும், அதன் விலைக்கு ஆம்பூரில் ஒரு ஜோடி நல்ல தோல் ஷூவே வாங்கிவிடலாம்.

ஆனால் வேலை செய்கிறதா என்றால் செய்கிறது. எப்படித் தெரியும் என்றால் வீடியோ. மச்சானை பக்கவாட்டில் நிற்க வைத்து ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுக்கச் சொன்னேன். விநாடிக்கு 240 ஃப்ரேம் எடுக்கிற ஃபோன் என்றால் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையே 4 மில்லி விநாடிதான், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. வாடகை ஷூ வீடியோவில் இடது கால் நின்றுவிட்டது, முட்டி அதிர்கிறது, தோள் முன்னால் சாய்கிறது, பந்து அப்போதுதான் இடுப்புக்குப் பின்னாலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. சொந்த ஷூவில் கால் இன்னும் கடைசி சில அங்குலம் வழுக்கிக்கொண்டிருக்கும்போதே பந்து முட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கை அதே கை, யாரும் அதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. வலது ஓரத்தில் தனியாக நிற்கும் 10-ஆம் எண் பின்னை நான் எப்போதும் விட்டுவிடுவேன், பந்து இடது பக்கமே இழுக்கும். இப்போது அதை அடிக்கப் போகும்போது வயிற்றைக் கலக்குவதில்லை.

ஷூ சரி செய்யாத ஒன்றும் அதே வீடியோவில் தெரிந்தது, அதையும் சொல்லாமல் விட்டால் விளம்பரம் ஆகிவிடும். ரிலீஸ் லேட்டாவதற்குப் பாதிக் காரணம் முதல் அடியில் இருக்கிறது. வலது கால் தரையைத் தொடும்போது பந்து முன்னால் போயிருக்க வேண்டும். பந்தை நெஞ்சிலேயே அணைத்துக்கொண்டு ஒரு அடி நடந்துவிட்டால் அந்தத் தாமதம் கடைசி வரைக்கும் கூடவே வரும், ஊசலை நடுவில் வேகப்படுத்த முடியாது என்று மேலே சொன்னேனே, அதேதான். இதற்கு எந்த ஷூவும் மருந்து இல்லை. வீட்டில் மொட்டை மாடியில் சாயங்காலம் பந்து இல்லாமலே முதல் அடியையும் கை நீட்டலையும் சேர்த்துப் பழகுங்கள், அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் யோகா என்று சொல்லிவிடலாம். பகலில் வேண்டாம், வேலூர் வெயில் தெரியும்தானே.

மூன்றாவது ஷூதான் எனக்குப் பிடித்தது.

ஆன்லைன் ஷூ வந்த பிறகு அந்த இடது சோலை உரித்துக் கையில் வைத்துப் பார்க்கும்போதெல்லாம் ஒரே எண்ணம். இது என்ன பெரிய சமாச்சாரம்? சூயிட். தோலைப் பிளந்தால் வருகிற அடிப்பகுதி, ஸ்ப்ளிட், முடி எழும்ப பஃப் பண்ணியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாறு ஓடுகிற வழியெல்லாம் தோல் ஷாப்பு வைத்திருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு உள்ளங்கை அளவு ஸ்ப்ளிட்டுக்குக் கப்பலில் சரக்கு வர வேண்டுமா? பழைய வட ஆற்காட்டை எத்தனை மாவட்டமாகப் பிரித்தாலும் தோல் வாசனை ஒன்றுதான்.

ஆம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருக்கிறார், கம்பெனியில் சாம்பிள் ரூமில் இருந்து ஓய்வு பெற்று வீட்டு முன்னறையில் சின்னதாக வேலை செய்கிறார். தட்டை ரப்பர் சோல் வைத்த சாதாரண கேன்வாஸ் ஷூ ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாய், இடது கால் வழுக்கணும். வலது கால் வழுக்கவே கூடாது."

ஷூவை வளைத்துப் பார்த்தார். "ஏன் சார், ரெண்டு காலும் பேசிக்கிறதில்லையா?"

விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து நடுவறையில் மொசைக் தரையில் வெறும் சாக்ஸோடு ஒரு தடவை வழுக்கிப் பார்த்தார், அந்த வயதில். அப்புறம் உட்கார்ந்து, "அடித்தோல் போட்டா தேய்ஞ்சு பாலிஷ் ஆயிடும் சார், ஐஸ் மாதிரி போகும், நீங்க விழுவீங்க. ஸ்ப்ளிட் போடறேன், சதைப் பக்கம் வெளியே. மொத்தத்தை மட்டும் என்கிட்ட விட்டுடுங்க" என்றார்.

மொத்தம் என்று அவர் சொன்னது தடிமனை. சோலுக்கு மேல் சும்மா ஒட்டினால் இடது கால் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும், நடையில் நொண்டல் வரும். அதனால் எவ்வளவு தடிமன் தோலோ அவ்வளவு ரப்பரை முன்பாதியில் சுரண்டி எடுத்தார், கிரைண்டர் கல்லில் ஷூவைச் சாய்த்துப் பிடித்து, நடுநடுவே ஒரு இரும்பு ஸ்கேலை குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே. ஒரு இடத்தில் வெளிச்சம் கசிந்தது, மறுபடி கல்லுக்குக் கொண்டுபோனார். சுரண்டின ரப்பரிலும் தோலின் பின்பக்கத்திலும் சொல்யூஷன் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத அளவு காயவிட்டு, இரண்டையும் சேர்த்துச் சுத்தியலின் உருண்டை முனையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டிக்கொண்டே போனார். நுனியில் தோலைச் சீவி மெலிசாக்கி விரல் முனைக்கு மேல் ஏற்றி மடக்கினார், தரையில் பட்டு உரியாமல் இருக்க. ஹீலைத் தொடவில்லை. வலது ஷூவையும் தொடவில்லை. ஒரு நாள் முழுக்கப் போடாதீர்கள் என்றார். கூலி ஆயிரத்துக்குள் முடிந்தது, தோல் அவர் கையிருப்பு, காசு வாங்கவில்லை, டீயும் கொடுத்தார்.

எப்படி இருக்கிறது? முதல் கேம் முழுக்கக் கொஞ்சம் அதிகமாகவே வழுக்கியது, புது சூயிட் அப்படித்தான். இரண்டாவது கேமில் முடி படிந்து நிதானத்துக்கு வந்தது, அதற்கப்புறம் ஆன்லைன் ஷூவின் நடு எண்ணுக்கும் இதற்கும் என் காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவிலும் கால் நிற்கிற நேரமும் பந்து கணுக்காலைத் தாண்டுகிற நேரமும் அதே மாதிரிதான் சேர்ந்தன. பிடிக்க ஆரம்பித்தால் சின்னக் கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்தால் அழுக்கு உதிர்ந்து பழைய வழுக்கல் திரும்பிவிடும், இது எந்த சூயிட் சோலுக்கும் பொருந்தும்.

குறை இல்லாமல் இல்லை. கேன்வாஸ் ஷூவின் மேல்பகுதி காலைப் பக்கவாட்டில் பிடிக்காது, வழுக்கலின் கடைசியில் பாதம் உள்ளே ஒரு பக்கமாக நகர்கிறது, லேஸை இறுக்கிக் கட்டினால் ஓரளவு சரியாகிறது. கேன்வாஸுக்குப் பதில் நல்ல இறுக்கமான தோல் ஸ்னீக்கர் கொடுத்திருந்தால் பாயின் வேலைக்கு நியாயம் செய்ததாக இருந்திருக்கும். நுனி மடிப்பு ஒரு தடவை உரிந்தது, அவரே மறுபடி ஒட்டிக் கொடுத்தார். ஹீல் ரப்பர் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பிடிக்கிறது. அப்புறம், சில சென்டர்களில் வெளியிலிருந்து கொண்டுவரும் ஷூ என்றால் கவுண்டரில் சோலைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள், அப்ரோச்சில் கோடு விழும் என்ற பயம், நியாயமானதுதான். காட்டினால் விட்டுவிடுகிறார்கள். வாசலிலிருந்து போட்டுக்கொண்டு போகாதீர்கள், உள்ளே போய் மாற்றுங்கள், ஒரு மணல் துகள் சூயிடில் ஏறினால் தரையும் போச்சு, ஷூவும் போச்சு.

கட்டை விரலைப் பற்றி மச்சான் விடமாட்டேன் என்கிறான், அவனுக்காக இது. சென்டர் பந்தில் கட்டை விரல் ஓட்டை யாருக்கோ போட்ட அளவு. தளர்வாக இருந்தால் விழுந்துவிடுமோ என்று இறுக்கிப் பிடிப்போம், இறுக்கின விரல் நேரத்துக்கு வெளியே வராது. ரொம்ப இறுக்கமாக இருந்தால் விரல் மாட்டிக்கொண்டு பந்து கையோடு மேலே போய் தூக்கி வீசின மாதிரி விழும். சொந்தப் பந்து வைத்திருக்கிறவர்கள் ஓட்டைக்குள் பவுலிங் டேப் ஒரு துண்டு ஒட்டியோ எடுத்தோ சரி செய்கிறார்கள், ஆட ஆட விரல் வீங்கும் என்பதால் அவன் நடுவில் ஒரு துண்டை உரித்து எடுப்பான். நல்ல பொருள், விலையும் குறைவு. சென்டர் பந்தில் ஆடுகிறவர்கள் எடையை மட்டும் பார்க்காமல் நாலைந்து பந்தில் விரலை விட்டுப் பாருங்கள், சும்மா விட்டால் உரசிக்கொண்டே வழுக்கி வெளியே வருகிற ஓட்டைதான் சரி. இரண்டு கையால் வீசுகிற ஜேசன் பெல்மான்டே மாதிரி ஆட்களுக்கு இந்தக் கவலையே இல்லை, கட்டை விரலை ஓட்டையில் விடுவதே இல்லை. ஆனால் அவர்களுக்கும் கடைசியில் வழுக்கல் உண்டு, ஷூ உண்டு, மச்சான் கவனிக்கவும்.

யார் எதை வாங்கலாம்? மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஆடுகிறவர், வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இருக்கிறவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பழைய தோல் ஸ்னீக்கர் ஒன்றில் ஸ்ப்ளிட் ஒட்டுங்கள், ஷூ வேலை தெரிந்த யாரிடம் கேட்டாலும் செய்வார்கள். கேட்கும்போது மூன்று விஷயம் மறக்காமல் சொல்லுங்கள்: சதைப் பக்கம் வெளியே, ரப்பரைச் சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும், ஹீலைத் தொடக் கூடாது. இடது கைக்காரர் என்றால் வலது ஷூவில் ஒட்டச் சொல்லுங்கள், இதை இரண்டு தடவை சொல்லுங்கள். வாராவாரம் ஆடுகிறவர், போட்டிக்குப் போகிறவர், சென்னை ஈரத்திலும் பெங்களூர் குளிரிலும் மாறி மாறி ஆடுகிறவர் ஆன்லைன் ஷூவே வாங்கலாம், சோல் மாற்றும் வசதிக்காக மட்டும். பந்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

பாய் அடுத்த ஜோடிக்கு ஹீலிலும் மெலிசாகத் தோல் வைத்துப் பார்க்கலாம் என்கிறார், ஒரு பழைய ஸ்னீக்கரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அது எப்படி வழுக்குகிறது என்று ஆடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.